செஞ்சு காட்டுங்க

"ஒண்ணும் ஆகாது" என்று நாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளை கீழே விழுந்தால், பக்கத்து வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நின்றால், பரீட்சை ரிசல்ட் வரும் காலையில், எல்லாவற்றுக்கும் அதே இரண்டு வார்த்தைதான். செத்தாலும் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லமாட்டேன் என்று ஒரு மனுஷி இருந்தார். அவரோடு நான் வேலை பார்த்தேன். முழுசாக ஒரு வருஷம்கூட இருக்காது. அதற்குள் என் பொறுமையை அவர் சோதித்தது கொஞ்சநஞ்சம் இல்லை.

தாம்பரம் மேற்கில், முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்த மனநல கிளினிக் அது. நான் அங்கே பார்மசியைப் பார்த்துக்கொண்டேன். அவர் நர்ஸ். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். டாக்டரிலிருந்து பெருக்குகிற அம்மா வரைக்கும் எல்லோருக்கும் அவர் 'சிஸ்டர்'தான். பொழிச்சலூரில் வீடு. விமானங்கள் இறங்குவது அவர் வீட்டு மொட்டைமாடிக்கு நேர் மேலே. போனில் பேசிக்கொண்டே இருப்பவர் சட்டென்று நிறுத்திவிடுவார். அந்த இரைச்சல் அடங்கும் வரைக்கும் நாமும் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பிறகு, "ம், போயிடுச்சு. சொல்லு" என்பார். கத்திப் பேசி நான் கேட்டதே இல்லை.

அந்த வருஷம் எங்கள் கிளினிக்கில் ஒரு புது மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தீராத பதற்றமும் மனச்சோர்வும் உள்ளவர்களுக்கான மாத்திரை. நமக்குப் பயம் வந்தால் உடம்பு ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அது ரத்தத்தில் ஓடிப் போய், மூளையில் தனக்கென்று உள்ள ஏற்பி என்கிற இடத்தில் உட்கார்ந்தால்தான் வேலை செய்யும். எங்கள் மாத்திரை, பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டு பிடிக்கிற ஆளைப் போல, முன்னாலேயே போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஹார்மோன் வந்து பார்க்கும், இடம் இருக்காது, நின்றுகொண்டே போகவேண்டியதுதான். இது டாக்டர் சொன்ன விளக்கம் இல்லை, நான் சொல்வது. டாக்டர் சொன்னது எனக்கே பாதி புரியவில்லை.

சிக்கல் என்னவென்றால், அந்தத் துண்டு பக்கத்து சீட்டிலும் விழும். கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கிற இன்னொரு ஹார்மோனின் இடத்தையும் அது அடைத்துவிடும். அதனால் எங்கள் கிளினிக்கில் ஆண்களை மட்டுமே சேர்த்தோம். சேரும்போதே, வீட்டில் யாருக்கும் இதைத் தரக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்வோம். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு டம்மி. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, எடுத்துக் கொடுக்கிற எனக்கும் தெரியாது. மாத்திரை செய்கிற கம்பெனியின் கணினிக்கு மட்டும்தான் தெரியும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் டாக்டர் அதைத் திறந்து பார்க்கலாம்.

இதில் சிஸ்டரின் வேலை, வருகிறவர்களிடம் அச்சடித்த கேள்விகளைக் கேட்டுப் பதிலைக் குறித்துக்கொள்வது. தூக்கம் எப்படி, பசி எப்படி, நெஞ்சு படபடப்பு உண்டா. வேறு யாராக இருந்தாலும் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவார்கள். இவர் முடிக்க மாட்டார். "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போச்சு. "எங்க, செஞ்சு காட்டுங்க" என்பார்.

நல்லா இருப்பதை எப்படிச் செய்து காட்டுவது? காட்டத்தான் வேண்டும். காலையில் எப்படி எழுந்தீர்கள், எந்தப் பக்கம் காலை ஊன்றினீர்கள், மாத்திரையை எங்கே உட்கார்ந்து போட்டீர்கள், தண்ணீர் யார் தந்தார்கள், எல்லாவற்றையும் நாடகம் மாதிரி நடித்துக் காட்ட வேண்டும். ஒரு கல்லூரி விரிவுரையாளர் பஸ்ஸில் ஏறினாலே மூச்சு முட்டி, பெருங்களத்தூர் வருவதற்குள் இறங்கிவிடுவார். அவருக்காக எங்கள் ஹாலில் நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டு ஒரு பஸ்ஸே ஓட்டினார் சிஸ்டர். அந்த மனிதர் முன் நாற்காலியின் முதுகைக் கம்பியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இவர் பக்கத்து சீட்டுப் பெண்மணி மாதிரி மடியில் பையை வைத்துக்கொண்டு, "அடுத்த ஸ்டாப் எது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். பயப்படாதீங்க என்று ஒரு சொல் கிடையாது. எனக்கோ சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. பார்மசி ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தேன். அந்த விரிவுரையாளர் வண்டலூர் ஸ்டாப்பில் 'இறங்கி' குலுங்கிக் குலுங்கி அழுதார். அடுத்த மாதம் நிஜமாகவே பஸ்ஸில் வந்தார்.

என் அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோது நான் சிஸ்டரிடம்தான் போய் நின்றேன். "ஒண்ணும் ஆகாதுல்ல சிஸ்டர்?"

"எனக்குத் தெரியாது தம்பி. யாரு டாக்டர்? கட்டியை டெஸ்ட்டுக்கு அனுப்புறாங்களா?"

"ஒரு ஆறுதலுக்காவது சொல்லக்கூடாதா?"

"தெரியாததைச் சொல்ல நான் என்ன கிளி ஜோசியமா பார்க்கறேன்?"

அப்போது எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த வாரம் முழுக்க அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆபரேஷன் அன்று குரோம்பேட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில் என் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராகக் காபி குடிக்கப் போனார்கள். சிஸ்டர் லீவு போட்டுவிட்டு வந்து, அம்மாவை வெளியே கொண்டுவரும் வரைக்கும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேசவேயில்லை. அதற்குப் பிறகும் அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருக்கிறது, ஆனால் பழைய கோபம் இல்லை. ஏன் இப்படி என்று நான் கேட்டதே கிடையாது. கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பார், எனக்கு அதுதான் பயம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஆய்வு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கக் கம்பெனி ஒருவரை அனுப்பியது. மானிட்டர் என்று அவருக்குப் பெயர். சின்ன வயசு, பளபளப்பான ஷூ. எல்லாவற்றையும் புரட்டிவிட்டு டாக்டரிடம் கேட்டார்: "உங்க சென்டர்ல வர்றவங்க கிட்டத்தட்ட எல்லாருமே தேறுறாங்களே சார், அது எப்படி? பாதிப் பேர் டம்மிதானே சாப்பிடறாங்க?" மானிட்டர் சிஸ்டரின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மருந்துக்கு மேலே யாரோ ஏதோ தருகிறார்கள், இப்படி இருந்தால் மருந்து வேலை செய்கிறதா என்று கடைசி வரை தெரியாது, பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. டாக்டர் சிஸ்டரைக் கூப்பிட்டு, இனிமேல் அச்சில் இருக்கிற கேள்வியை மட்டும் படிக்க வேண்டும், நாடகம் எதுவும் கூடாது, மீறினால் வேறு ஆளைப் போடச் சொல்லிக் கம்பெனி எழுதும் என்றார். "சரி சார்" என்றார் சிஸ்டர். அதன்படியே நடந்தார். கிளினிக் வெறிச்சோடிப் போனது போல இருந்தது. நான் மட்டும் நேரத்துக்குச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரத்துக்காரர் ஒருவர் வந்தார். பம்மலில் தோல் பை தைக்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். எங்கள் எல்லோருக்கும் அவர் 'பாய்'. வந்த புதிதில் அவர் முழங்கால் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும், பெஞ்சே அதிரும். வேலைக்குப் போகமுடியாமல், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவர். எங்களிடம் சேர்ந்த சில மாதங்களில் ஆளே மாறிவிட்டார். அன்றைக்கு, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக் கூட்டத்தில் பஸ் நகரவேயில்லை என்று சிரித்துக்கொண்டே படியேறினார்.

சிஸ்டர் கேள்விகளைப் படித்தார். "தூக்கம்?" "சூப்பர் சிஸ்டர்." "படபடப்பு?" "அதெல்லாம் ஓடிப்போச்சு." "மாத்திரை தவறாம போடறீங்களா?" "கரீட்டா போட்டுகினு கீறேன்." காலி பாட்டிலை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு புதுசை எடுக்கத் திரும்பினேன்.

சிஸ்டர் பேனாவை மூடவில்லை. டாக்டர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அதை ஒரு தடவை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க, மாத்திரை போடறதைச் செஞ்சு காட்டுங்க" என்றார்.

வேலை போய்விடுமே இந்த அம்மாவுக்கு! பாய் ரொம்ப நாள் கழித்துப் பழைய விளையாட்டு வந்த சந்தோஷத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். தட்டைத் தள்ளி வைத்தார். அலமாரி மேலிருந்து பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகினார். உள்ளங்கையில் மாத்திரையைக் கொட்டினார். அடுத்து அந்தக் கை வாய்க்குப் போகவேண்டும். போகவில்லை. வலது பக்கமாக நீண்டது, பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பது மாதிரி. அப்படியே அந்தரத்தில் நின்றது. அவரே அதைப் பார்த்தார், சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"யாருக்கு?" என்றார் சிஸ்டர்.

பாய் அந்தக் கையை மடியில் மறைத்துக்கொண்டார்.

"யாருக்குங்க குடுத்தீங்க?"

"வூட்ல... அவளுக்குத்தான் சிஸ்டர்."

"முழுகாம இருக்காங்களா?"

பாயின் முகம் மலர்ந்துவிட்டது, அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. ஆமாம் சிஸ்டர், கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து, ஏற்கெனவே இரண்டு தடவை கலைந்து போச்சு, அதனால் மூணு மாசம் முடிகிற வரைக்கும் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று வீட்டில் பேசிவைத்திருந்தோம், அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, அடுத்த மாசம் ஸ்வீட்டோடு வந்து உங்களிடம்தான் முதலில் சொல்வதாக இருந்தேன் என்று கொட்டினார். "இந்தத் தடவையும் போயிடுமோன்னு ராவும் பகலும் நடுங்கிகினே கீறா. தூங்கறதே இல்ல. எனக்குத்தான் நல்லா ஆயிடுச்சே, இது பயத்துக்கு மாத்திரைதானேன்னு நாலஞ்சு நாளா அவளுக்குக் குடுக்கறேன். எங்க வூட்ல ஒரு டீய வாங்கினாக்கூட ரெண்டா ஊத்தித்தான் குடிப்போம்."

சேரும்போது சொன்னோமே என்று நான் வாயெடுத்தேன். சிஸ்டர் கையைக் காட்டி அடக்கினார். "அவங்களுக்கு வயித்து வலி இருக்கா? ரத்தம் ஏதாவது?"

"ரத்தம் இல்ல. காலைல இடுப்பு வலிக்குதுன்னா..." அதைச் சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. "இன்னா சிஸ்டர்? இன்னா ஆச்சு?"

"அந்த மாத்திரை கர்ப்பத்துக்கு ஆகாது. நீங்க சாப்பிட்டது மருந்தா டம்மியான்னு இங்க யாருக்கும் தெரியாது. போனைப் போட்டு அவங்களை உடனே ஆட்டோவில வரச் சொல்லுங்க."

டாக்டர் வெளியே வந்தார். விஷயம் தெரிந்ததும் முதலில் சிஸ்டரைத்தான் பிடித்தார். "உங்களை யார் அந்தக் கேள்வியைக் கேக்கச் சொன்னது? இதை நான் எழுதித்தான் ஆகணும், தெரியும்ல?" அந்தக் கேள்வி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகுதான் அவருக்கே உறைத்தது, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கணினியைத் தொறந்து பாருங்க சார். மருந்தா, டம்மியா?"

"தொறந்தா இவரோட கணக்கே ஆய்வுல இருந்து போயிடும். ஆயிரம் கேள்வி வரும். மானிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்." அவர் போன் போட்டார். மானிட்டர் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். "முதல்ல ஸ்கேன் எடுப்போம் சிஸ்டர். அது நல்லா இருந்தா தொறக்கவே வேண்டாமே?"

"குழந்தை இன்னிக்கு எப்படி இருக்குன்னுதான் ஸ்கேன் சொல்லும். உள்ள போனது என்னன்னு சொல்லாது."

சந்தை நெரிசலில் அந்த ஆட்டோ வந்து சேர்வதற்குள் எங்கள் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. அந்தப் பெண் வெள்ளையாக வெளுத்துப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். சின்ன உருவம். விஷயத்தைப் பாய் போனிலேயே உளறிவிட்டிருந்தார். நேராக சிஸ்டரிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க சிஸ்டர். உங்களப் பத்தி இவரு சொல்லிகினே இருப்பாரு. நீங்க சொன்னா நம்புவேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சதும் முதல்ல உங்ககிட்டதான் சொல்வேன்."

அடிப்பாவி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது எனக்கு. ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? பொறுக்கமுடியாமல் நானே முன்னால் போய், "ஒண்ணும் ஆகாதும்மா, தைரியமா இருங்க" என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிடித்திருந்த சிஸ்டரின் கையை விடவில்லை.

அடுத்த தெருவில் ஸ்கேன் சென்டர். சிஸ்டர்தான் கூட்டிப்போனார். பாய் படிக்கட்டில் உட்கார்ந்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார், பிரார்த்தனையாக இருக்கும். அவர் முழங்கால் லேசாக ஆட ஆரம்பித்திருந்தது. திரும்பி வந்தபோது சிஸ்டர் வாசலிலேயே சொன்னார்: "குழந்தைக்கு நெஞ்சுத் துடிப்பு இருக்கு." பாய் எழுந்து நின்றார். ஆனால் அந்தப் பெண் சிரிக்கவில்லை. "முழுங்கின மாத்திரை இன்னும் உடம்புக்குள்ளதானே கீது? நாளைக்கு? அடுத்த வாரம்?" என்று டாக்டரைக் கேட்டாள். "பார்க்கலாம்மா" என்றார் டாக்டர்.

சிஸ்டர் டாக்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் கொஞ்ச நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு உள்ளே போய்க் கணினியைத் திறந்தார்.

சிஸ்டரையும் என்னையும் உள்ளே கூப்பிட்டு, "டம்மி" என்றார். "வெறும் மாவு."

அப்பாடா என்று நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். சிஸ்டர் கண்ணை மூடித் திறந்தார், அவ்வளவுதான். டாக்டர் எழுந்து கதவைச் சாத்தினார். "பாய்கிட்ட டம்மின்னு சொல்ல வேணாம் சிஸ்டர். மாத்திரைதான் தன்னைக் காப்பாத்திச்சுன்னு இருக்கார். அது மாவுன்னு தெரிஞ்சா மறுபடியும் பழையபடி விழுந்துடுவார். குறைஞ்ச அளவு மருந்துதான், ஆபத்தில்லைன்னு ரெண்டு பேருக்கும் சொல்லிடுவோம்."

"அப்படிச் சொன்னா அந்தப் பொண்ணு பிரசவம் வரைக்கும் கண்ணை மூடாது சார். ஏற்கெனவே ரெண்டு போயிருக்கு."

"சொன்னா அவர் விழுந்துட்டார்னா?"

"விழலாம்" என்றார் சிஸ்டர். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அப்போதுதான். ஒருத்திக்கு உயிர் கொடுக்கிற வார்த்தை இன்னொருவரின் காலடி மண்ணைப் பறிக்கிறது, அதை யார் வாயால் சொல்வது? நானாக இருந்தால் டாக்டர் பேச்சைக் கேட்டிருப்பேன். சிஸ்டர் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "உங்க வயித்துக்குள்ள போனது மருந்தே இல்ல. வெறும் மாவு. அதனால குழந்தைக்கு எந்தக் கெடுதியும் கிடையாது. இது எனக்குத் தெரியும்."

அந்தப் பெண் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். பாய் அவள் முதுகைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "மாவாம்மே! வெறும் மாவாம்!" அப்புறம் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"அப்ப நான் இத்தினி நாளா முழுங்கினது?"

"அதே மாவுதான்."

"நான் தூங்கினேனே சிஸ்டர். பஸ்ல வந்தேனே. வேலைக்குப் போனேனே."

"போனீங்க. எல்லாம் நடந்தது. நான் பார்த்தேன்."

"மருந்தே இல்லாம எப்டி நடந்துச்சு?"

"எனக்குத் தெரியாது."

பாயின் முழங்கால் ஆடத் தொடங்கியது. அவர் இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்தார், நிற்கவில்லை. பெஞ்ச் அதிர்ந்தது. "காலைல எழுந்து அந்த பாட்டிலத் தொட்டாத்தான் எனக்குப் பொழுது விடியும். நாளைக்கு நான் எதத் தொடுவேன்?" டாக்டர் குனிந்து, வேறு நல்ல மாத்திரை இருக்கிறது, எழுதித் தருகிறேன், கேட்க நாளாகும், ஆனால் கேட்கும் என்று தன்மையாகத்தான் சொன்னார். பாய் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அவர் சிஸ்டரை மட்டும் பார்த்தார்.

"நான் இங்க வந்தா நீங்க இருப்பீங்களா?"

எப்பவும் இருப்பேன் என்று சொல்லுங்களேன், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று எனக்குள் கதறினேன். சிஸ்டர் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கம்பெனிக்கு எழுதப்போவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்கு இருப்பேன்" என்றார் சிஸ்டர். "அதுக்கப்புறம் எனக்குத் தெரியாது."

அந்தப் பெண் அழுவதை நிறுத்திவிட்டுத் தன் கையைப் பாயின் முழங்கால்மேல் வைத்தாள். அவர் அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

"நாளைக்குப் போதும் சிஸ்டர்" என்றார் பாய்.